ஊத்துப்பாறைக்கு விழுந்த முத்திரை

ஊத்துப்பாறைக் குன்றைச் சுற்றிக் குழிகள் விழுந்திருந்த காலையில் தைலம்மை எல்லா நாளும் போலக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சுனைக்குப் போனாள். பாதையின் குறுக்கே பானை வாய் அகலத்தில், ஓரம் பிசிறில்லாமல், வரிசையாக இருந்த குழிகளைப் பார்த்தாள். இரண்டு குழிகளுக்கு நடுவே கால் வைக்கத் தோதாக மண் விட்டிருப்பதையும் பார்த்து, அதில் கால் வைத்துத் தாண்டிப் போனாள். நிறைகுடத்தோடு திரும்பும்போதும் அதே இடத்தில் கால் வைத்துத் தாண்டி வந்தாள். வீட்டில் குடத்தை இறக்கிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்காரியிடம், "பாதையில குழி கெடக்கு, பாத்துப் போ" என்று சொன்னாள்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுவதும் போய்ப் பார்த்துவிட்டது. குழிவரிசை குன்றின் நான்கு பக்கமும் நூல் பிடித்தது போல நேராகப் போய் நான்கு மூலைகளில் திரும்பியது. பாறை வந்த இடத்தில் பாறையைத் துளைத்திருந்தது, கரம்பை மண் வந்த இடத்தில் மண்ணைத் துளைத்திருந்தது, முத்தையாவின் மாட்டுக்கொட்டில் வந்த இடத்தில் உள்ளே புகுந்து தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இரண்டு குழி போட்டுவிட்டு மறுபக்கம் வெளியேறியிருந்தது. கல்லைப் போட்டால் சத்தம் வரவில்லை. ஊரில் இருந்த கிணற்றுக் கயிறுகளை எல்லாம் முடிந்து இறக்கினார்கள், கயிறு தீர்ந்தது, குழி தீரவில்லை. பிறகு கயிறுகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

அன்றைக்குத்தான் அந்த ஸ்டாம்பும் வந்தது. சவரிமுத்து வீட்டு முன்னறை ஊருக்குத் தபாலாபீஸ். பஸ்ஸில் வந்த பையைப் பிரித்து, தாள் தாளாக இருந்த புது ஸ்டாம்புகளை அவர் மேசையில் விரித்தபோது கடுதாசி போட வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள், ஏனென்றால் தலைநகரத்தில் பெரிய மண்டபத்தில் வைத்து மந்திரி அதை வெளியிடுகிறார் என்று ரேடியோவில் சொல்லியிருந்தது. பழுப்பும் நீலமுமாக அச்சடித்த படத்தில் குன்று இருந்தது, குன்றின் வயிற்றில் குடைந்த கல்வீடு இருந்தது, வாசலில் கதாயுதம் ஊன்றி நிற்கும் கல் காவலர்கள், ஊர் பெரியவர் சின்னவர் என்று கூப்பிடும் இருவரும், இருந்தார்கள். கீழே 'தொன்மைச் சின்னங்களை மீட்போம்' என்று கொட்டை எழுத்திலும், அதற்கும் கீழே 'தென்னகக் குடைவரை' என்று பொடி எழுத்திலும் போட்டிருந்தது.

"நம்ம கல்வீடுதானே இது?"

"பின்ன? பெரியவருக்கு மூக்கு இல்ல பாரு. நம்மதுதான்."

"ஊர்ப் பேரு எங்க சவரி?" என்று தைலம்மை கேட்டாள்.

சவரிமுத்து ஒரு ஸ்டாம்பைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி பசைதான் இருக்கு ஆத்தா."

"சனத்தையும் காணோம். ஒரு குடம் இல்ல, ஒரு ஆடு இல்ல. நாமெல்லாம் எங்க போனோம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தை மாதம் படம் பிடிக்க ஆட்கள் வந்தபோது, யாரும் கேட்காமலே ஊர் கல்வீட்டைக் கழுவிவிட்டிருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு முன்னால் வீட்டின் ஓட்டை உடைசலை மறைப்பது போலக் குடங்களை எடுத்து மறைத்தார்கள், கல் தரையில் காயப்போட்ட மிளகாயை வாரினார்கள், விளக்குப் பிறையின் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார்கள், ஆடுகளைப் பின்பக்கம் ஓட்டினார்கள், கடைசியில் தாங்களும் குன்றுக்குப் பின்னால் போய் வெயிலில் உட்கார்ந்துகொண்டார்கள். சத்தம் படத்தில் விழுந்துவிடுமோ என்று பயந்து, அழுத ஒரு பிள்ளையின் வாயைத் தைலம்மை பொத்திக்கொண்டிருந்தாள். படம் நல்லா வரட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். படம் நல்லா வந்திருந்தது.

சவரிமுத்து ஒரு ஸ்டாம்பைக் கிழித்துக்கொண்டு வாசலுக்கு வந்து, ஒரு கண்ணை மூடி, அதைக் கை நீட்டிக் குன்றுக்கு நேராகப் பிடித்தார். குன்று குன்றில் பொருந்தியது. ஸ்டாம்பின் நான்கு ஓரத்துத் துளைகள் தரையிலிருந்த நான்கு வரிசைக் குழிகளில் போய் உட்கார்ந்தன. ஒவ்வொருவராக வாங்கிப் பிடித்துப் பார்த்தார்கள். மந்திரி கையால் வெளியிட்டிருக்கிறார்கள், அப்படித்தான் விழும் என்றார்கள். "என் கொட்டில மட்டும் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டிருக்கலாம்" என்றார் முத்தையா.

ஊத்துப்பாறையில் நிலமெல்லாம் ஆண்களின் பேரில் இருந்தது, சுனை பெண்களுடையது. ஊர்க் கிணறுகளில் உப்புத் தண்ணீர்தான். வாயில் வைக்கிற தண்ணீர் கல்வீட்டின் உள்ளறை மூலையில், பாறையின் வெடிப்பிலிருந்து கசிந்து, இரண்டு கை அகலக் குழிவில் தேங்கும். கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு பாட்டைப் பாடி முடித்து ஒரு சண்டையையும் போட்டு முடித்துவிடலாம். அதனால் பகலும் இரவும் முறைகளாகப் பிரிந்திருந்தன, முறை தாயிடமிருந்து மகளுக்கு வந்தது, மகள்கள் இரண்டு பேர் என்றால் பாதிப் பாதி, வெளியூரில் வாழ்க்கைப்பட்டவளின் முறை அவள் திரும்பி வந்தால் அவளுக்காகக் காத்திருந்தது. தைலம்மை அப்படித் திரும்பி வந்தவள். புருஷன் செத்ததும் கொழுந்தன்மார் நிலத்தையும் வீட்டையும் எடுத்துக்கொண்டு அவளைப் பஸ் ஏற்றிவிட்டபோது, அவளுக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அவள் அம்மாவின் முறை மட்டும்தான். அது நாளின் முதல் முறை. கோழி கூவும்போது தொடங்கி வெளிச்சம் பெரியவரின் முழங்காலுக்கு வரும்போது முடிவது. அந்தத் தண்ணீரில் பாதியை முறை போதாத வீடுகளுக்கு ஊற்றி, அவர்கள் தந்த கம்பிலும் எண்ணெயிலும் அவள் அடுப்பு எரிந்தது. முறை உள்ளவளை ஊரில் யாரும் அனாதை என்று சொன்னதில்லை.

அடுத்த வாரம் தொன்மைச் சின்ன மீட்புக் குழுவின் அதிகாரி நடனசபாபதி ஜீப்பில் வந்தார். அவர் கோபப்படத் தெரியாத மனிதர், எல்லோரையும் அம்மா ஐயா என்றே கூப்பிட்டார், அதனாலேயே அவர் சொன்னதை எதிர்த்துப் பேச ஊருக்கு வாய் வரவில்லை. குழிவரிசையைச் சுற்றி நடந்து பார்த்து மனம் குளிர்ந்துபோனார். வேலிக்கும் அளவைக்கும் ஆள் கிடைக்காமல் குழு திண்டாடிக்கொண்டிருந்த நேரத்தில் எல்லை தானாகவே விழுந்திருக்கிறது, அதுவும் மில்லிமீட்டர் பிசகாமல். பாதை குழிவரிசையைத் தாண்டும் இடத்தில் ஒரு பலகை நட்டார். எல்லைக்குள் குடம், சட்டி, அடுப்பு, விளக்கு, ஆடு, மாடு கொண்டு வருவது தண்டனைக்குரியது என்று பலகையில் எழுதியிருந்தது. பலகைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, ஸ்டூலில் பீமராஜ் என்று ஓர் ஒல்லி ஆளைக் காவலுக்கு உட்கார வைத்தார்.

மறுநாள் கோழி கூவும்போது பீமராஜ் தைலம்மையின் குடத்தைக் கையால் தொட்டுத் தடுத்தான்.

"குடம் கூடாதுக்கா. பலகையப் பாருங்க."

"பலக எனக்கு முந்தியா இங்க வந்துச்சு? என் முறை ஓடிக்கிட்டிருக்கு, தள்ளு."

"தள்ளாம நிக்கத்தான்க்கா எனக்குச் சம்பளம்."

வெளிச்சம் பெரியவரின் முழங்காலுக்கு வரும்வரை நின்று பார்த்துவிட்டு, அவள் குடத்தோடு நேராகக் காரைவீட்டுக்குப் போனாள். ஊருக்குப் பெரிய மனிதர் வயிரவன் அம்பலம். அவருடைய காரைவீட்டில்தான் அதிகாரி தங்கியிருந்தார், காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தைலம்மை வாசலில் நின்று கேட்டாள்:

"எங்க கல்வீட்ட யாருகிட்ட இருந்து மீக்கிறீங்க?"

நடனசபாபதி இட்லியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, மரியாதையாகவே பதில் சொன்னார். "புழக்கத்திலிருந்து, அம்மா. புகை, ஈரம், எண்ணெய், கை பட்டுக்கொண்டே இருப்பது, இதெல்லாம் கல்லைத் தின்றுவிடும். ஆயிரம் வருஷத்துச் சிற்பம். நீங்கள் தெரியாமல் செய்கிறீர்கள், உங்களைக் குற்றம் சொல்லவில்லை."

"புழங்குறது நாங்கதானே?"

"ஆமாம்."

"அப்ப எங்ககிட்ட இருந்துதான்னு சொல்லுங்க. அத எதுக்கு அம்மா போட்டுச் சொல்றீங்க?"

"சார் சாப்பிடுறாரு, கண்ணு தெரியல உனக்கு?" என்றார் அம்பலம்.

அவள் வெறுங்குடத்தோடு தெருவழியே திரும்பி வந்ததை ஊர் பார்த்தது. இத்தனை வருஷத்தில் காலை நேரத்தில் அவள் வெறுங்குடத்தோடு வந்து யாரும் பார்த்ததில்லை. அவளோடு சேர்ந்து கோபப்பட ஊர் ஆயத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைய மற்ற முறைக்காரிகள் ஒவ்வொருத்தியும், தன் முறை வரும்போது தன்னை விடுவார்கள் என்று நம்பிக் குடத்தோடு போனாள், ஒவ்வொருத்தியாகத் திரும்பினாள். பொழுது சாய்ந்தபோது சுனை எல்லோருக்கும் போயிருந்தது, கோபம் தனித்தனி வீடுகளில் தனித்தனியாக வெந்துகொண்டிருந்தது.

பிறகு ஊர் குழிகளுக்குப் பழகியது. பாதையில் வருகிறவர்கள் பேச்சை நிறுத்தாமலே குழி தாண்டக் கற்றுக்கொண்டார்கள். முத்தையாவின் மாடுகள் கொட்டிலில் குழிக்கு இந்தப் பக்கம் தலையும் அந்தப் பக்கம் வாலுமாகப் படுத்தன. ஒருத்தி குழி ஓரத்தில் சுரை விதை ஊன்றினாள், கொடி மேலே வராமல் கீழே இறங்கிப் போயிற்று, காயும் அங்கேயே காய்த்திருக்க வேண்டும். கிழக்கு வரிசைக் குழி ஒன்றில் வாய் வைத்து ஒரு மருமகள் மாமியாரைத் திட்ட, மேற்கு வரிசையில் சாணி தட்டிக்கொண்டிருந்த மாமியாரின் காலடியில் அந்த வசவு சொல் பிசகாமல் வெளியே வந்தது. அதிலிருந்து ஊர் குழிகளுக்குப் பக்கத்தில் நல்ல வார்த்தை பேசியது, தூர வரிசைக்குச் சேதி சொல்லவும், மேயப்போன ஆட்டைக் கூப்பிடவும் குனிந்து ஒரு குரல் கொடுத்தால் போதும் என்றாயிற்று. வெளியூர்க்காரர்கள் கார் வைத்துக்கொண்டு வந்தார்கள். அம்பலம் தன் வீட்டு முன்கட்டை அவர்கள் தங்குவதற்கு விட்டார், சோடாக்கடை போட்டார், சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்தார், கல்வீட்டு ஸ்டாம்பைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து விற்றார். வந்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டுக் குன்றைப் பார்த்தார்கள், பொருந்தியிருக்கிறது என்று திருப்தியோடு போனார்கள். தெருவில் குடத்தோடு நின்றவர்களைக் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

ஊர் உப்புத் தண்ணீரைக் குடித்தது. பருப்பு வேகவில்லை. பிள்ளைகளுக்கு ஒன்றுக்குப் போகும்போது எரிந்தது. அள்ள ஆளில்லாத சுனை உள்ளறையில் நிரம்பி வழிந்து, தரையில் ஓடிப் பாசி பிடித்து, சின்னவரின் பாதம் வரை வந்துவிட்டது. "கல்ல ஈரம் தின்னுதுன்னாரே, இப்ப என்ன செய்யுது?" என்று தைலம்மை பீமராஜிடம் கேட்டாள். இது இயற்கையான ஈரம் என்று அதிகாரி எழுதிக்கொண்டு போனதாக அவன் சொன்னான். தன் முறை நேரத்தில் அவள் தினமும் குடத்தோடு வந்து பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள், வெளிச்சம் பெரியவரின் முழங்காலுக்கு வந்ததும் திரும்பிப் போனாள். அவள் கொடுக்க வேண்டிய தண்ணீர் இல்லை என்றாலும் வீடுகள் கொஞ்ச நாள் கம்பு கொடுத்தன. பிறகு கொடுத்தன, ஆனால் அவள் கேட்ட பிறகு கொடுத்தன. அப்புறம் அவள் கேட்கவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் வடகிழக்கு மூலையில் குன்று கிழிந்திருந்தது. ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் இருந்த பாறை சத்தமில்லாமல் விட்டுப்போயிருந்தது. மறுநாள் இன்னும் சில. கிழிசலுக்கு அந்தப் பக்கம் குன்று தாளின் ஓரம் போல லேசாக மேலே தூக்கிக்கொண்டு நின்றது, அடியில் காற்று போய் வந்தது.

நடனசபாபதி பூரித்துப்போய் வந்தார். அம்பலத்தின் வாசலில் ஊரைக் கூட்டிச் சொன்னார்: தலைநகரத்தில் ஏரிக்கரையில் ஒரு பூங்கா தயாராகிறது, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் மீட்ட சின்னங்களைப் புல்தரையில் வரிசையாக வைக்கப்போகிறார்கள், முதலாவதாகப் போகிற பெருமை இந்தக் குடைவரைக்கு. கார்த்திகை முதல் முகூர்த்தத்தில் பாரவண்டிகளும் கிரேனும் வரும். கிழிசல் அதற்குள் தானாகவே முக்கால் பங்கு முடிந்துவிடும், பாறைக்குச் சேதமில்லை.

"சுனை?" என்றாள் தைலம்மை.

"அதுவும் சேர்ந்துதான் வரும், அம்மா. கவலைப்படாதீர்கள். அங்கே அதற்குக் குழாய் இணைப்புக் கொடுத்துவிடுவோம், எப்போதும் தண்ணீர் இருக்கும்."

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். தைலம்மை சிரிக்கவில்லை. இத்தனை மாதமாக அவள் மூடி வைத்திருந்த கோபம் அப்போது தளதளத்து மேலே வந்தது. "எங்க அம்மா கையத் தொட்டுக் குடுத்த தண்ணி. அத எடுத்துட்டுப் போயி எவனோ நடக்குற புல்லுல வச்சுக் குழாயில ஒழுகவிடப் போறீங்க, அதுக்கு என்னையப் பெருமப்படச் சொல்றீங்க" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. அதிகாரி வருத்தத்தோடு தலையாட்டினார். வருத்தம் அவருக்கு எப்போதும் கைவசம் இருந்தது.

அவள் அங்கிருந்து தபாலாபீஸுக்குப் போனாள், மந்திரிக்குக் கடுதாசி எழுதச் சொல்ல. சவரிமுத்து அன்றைய தபாலைப் பைக்குள் போடுவதற்காக ஒவ்வொரு உறையாக எடுத்து முத்திரை குத்திக்கொண்டிருந்தார். எல்லா உறையிலும் கல்வீடு. டக்கென்று மைப்பெட்டியில், டக்கென்று கல்வீட்டின் மேல்.

"கடுதாசி எழுதலாம் ஆத்தா. இதே ஸ்டாம்பத்தான் ஒட்டணும், வேற வரல."

"எதுக்கு அதப் போட்டு இந்தக் குத்து குத்துற?"

"குத்தலேன்னா எவனாச்சும் ஈரத்துணி போட்டு உரிச்சு, வேற எதுலயாவது ஒட்டி அனுப்பிருவான். முத்திர விழுந்துட்டா தீந்துச்சு. அத எவனும் எங்கயும் கொண்டுபோக முடியாது, இந்த ஊர்லதான் செலவாச்சுன்னு ஆயிரும்." இன்னொரு உறையை எடுத்துக் காட்டினார். "ஸ்டாம்பு மேல மட்டும் குத்தினாலும் பிரயோசனமில்ல. பாதி ஸ்டாம்புல, பாதி காகிதத்துல விழணும். அப்பத்தான் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு."

தைலம்மை அந்த உறையைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கறுப்பு வளையத்தின் பாதி கல்வீட்டின் மேலும் மறுபாதி உறையின் மேலும் கிடந்தது, வளையத்துக்குள் ஊத்துப்பாறை என்று எழுதியிருந்தது. படம் வந்த நாளிலிருந்து அவள் தேடிய பெயர்.

"நம்மளும் குத்துவோம் சவரி."

சவரிமுத்துவின் கை நடுவில் நின்றது. பிறகு அவர் எழுந்து வாசலுக்குப் போய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு குன்றையும் ஊரையும் பார்த்தார். "தேதி போடணும்" என்றார். "தேதி இல்லாத முத்திர செல்லாது."

சேதி குழிகள் வழியாகவே போயிற்று. வீட்டுக்கு வீடு பெண்கள் சோற்றுப்பானைகளைக் கவிழ்த்துப் போட்டு அடிக்கரியைச் சுரண்டினார்கள். சண்டை போட்டுப் பேசாமலிருந்தவர்களும் சேர்ந்து உட்கார்ந்து சுரண்டினார்கள். ஆமணக்கெண்ணெயில் குழைத்த கரி பூசினால் ஒட்டிக்கொண்டது, துடைத்தால் இன்னும் பரவியது. வண்டிகள் வருவதாகச் சொன்ன அன்று காலை, வெயில் ஏறிய பிறகு, எல்லோரும் பார்க்கவே புறப்பட்டார்கள். பலகைக்குப் பக்கத்தில் பீமராஜ் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றான்.

"குடம் இருக்கா?" என்று தைலம்மை தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். முழங்கை வரை கரி. "சட்டி? அடுப்பு? ஆடு, மாடு?"

பீமராஜ் பலகையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தான். கரியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. "இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

ஆண்கள் தோளில் பெண்கள் ஏறி, பெண்கள் தோளில் பிள்ளைகள் ஏறிப் பாறையில் பூசிக்கொண்டே போனார்கள். வளையம் குன்றின் நெற்றியிலிருந்து இறங்கி, கல்வீட்டுக்கு மேலே வளைந்து, பெரியவரின் தோளை ஒட்டி வந்து, குழிவரிசையைத் தாண்டி ஊருக்குள் நுழைந்தது. கோட்டில் என்ன இருந்ததோ அதன் மேலெல்லாம் போயிற்று. முத்தையாவின் கொட்டில் கூரையில் ஏறி, படுத்திருந்த மாட்டின் முதுகில் ஒரு கை போட்டு இறங்கியது. தைலம்மையின் குடிசைச் சுவரில் ஏறியது, பள்ளிக்கூடத்துக் கொடிமேடையில் ஏறியது, மாதா கோயில் படியில் ஏறும்போது சவரிமுத்து சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். வளையத்துக்குள் ஆள் உயர எழுத்தில், ஒரு பாதி பாறையிலும் ஒரு பாதி தெருவிலும் விழும்படி, ஊர்ப் பெயரை எழுதினார்கள். தேதி எது என்று கேட்டபோது ஒருவர் தமிழ்த் தேதியும் ஒருவர் இங்கிலீஷ் தேதியும் சொல்லி வாக்குவாதமாயிற்று. "இன்னைக்குன்னு போடுங்க" என்றாள் தைலம்மை. அப்படியே போட்டார்கள்.

அப்படி வந்த வளையம் வயிரவன் அம்பலத்தின் வெள்ளைச் சுவருக்கு முன்னால் வந்து நின்றது. இந்தப் பக்கம் வந்த கோடும் அந்தப் பக்கம் வந்த கோடும் அவர் வீட்டின் இரண்டு ஓரங்களில் காத்திருந்தன. அம்பலம் கதவை மறித்து நின்றார்.

"என் செவுத்துல ஒரு பொட்டுக் கரி விழுந்துச்சு, கைய ஒடிச்சுருவேன்."

"மூடாத வளையம் முத்திரையில்லீங்க அம்பலம்" என்றார் சவரிமுத்து. "அது வெறும் கிறுக்கல்."

"கிறுக்கலாவே இருக்கட்டும். கிறுக்குப் பயலுக ஊரு."

"கல்வீடு போன பிற்பாடு உங்க சோடாவ யாருக்கு விப்பீங்க? குழிக்கா?" என்றாள் தைலம்மை.

"பூங்காவுல எனக்குக் கடை தர்றதாச் சொல்லியிருக்காரு."

பேசி மீட்கமுடியாத இடத்துக்கு அவர் முன்பே போய்விட்டார் என்று எல்லோருக்கும் விளங்கியது. குன்றுப் பக்கமிருந்து பாறை விட்டுப்போகும் ஓசை, துணி கிழிவது போலக் கேட்டது, வடக்கு வரிசை முழுவதும் போய்விட்டதாக யாரோ கத்தினார்கள்.

அப்போது காரைவீட்டுக்குள் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அம்பலத்தின் மனைவி உலகாயி, அந்தப் பக்கக் கோடு காத்திருந்த கொல்லைச் சுவரில் தொடங்கி, அடுக்களை வழியாக, சாமி படங்களுக்குக் கீழே, கட்டில் தலைமாட்டில், கண்ணாடி போட்ட ஸ்டாம்புச் சட்டங்களின் மேல், உள்சுவர் நெடுக இழுத்துக்கொண்டு வந்தாள், கையில் அவள் வீட்டுப் பானைக் கரி. அவளுக்கு உச்சி வேளை முறை, அவள் அம்மாவும் அவள் அம்மாவின் அம்மாவும் மொண்டது. வாசலுக்கு வந்ததும் நிலையை மறித்திருந்த புருஷனின் கையைப் பார்த்தாள்.

"கைய எடுங்க."

"உலகாயி..."

"எடுக்காட்டி உங்க மேலயே இழுத்துட்டுப் போவேன்."

அவர் எடுக்கவில்லை. அவள் நிலைக்கதவிலிருந்து அவருடைய முழங்கை, வெள்ளைச் சட்டை, நெஞ்சு, மறுகை என்று இழுத்துக்கொண்டு வெளிச்சுவருக்கு வந்து, தைலம்மையின் கோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். இரண்டு பேரின் கையும் சுவரில் ஒன்றின் மேல் ஒன்று பதிந்தது.

கிழியும் ஓசை நின்றது. மேற்கு வரிசையில் பாதி வந்த கிழிசல், கரி தாண்டிய குழிகளுக்கு முன்னால் வந்து அப்படியே விட்டுவிட்டது. மேலே தூக்கிக்கொண்டிருந்த குன்றின் ஓரம் மெதுவாகப் படிந்து தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்த அதிர்வில் ஊரிலிருந்த பானைகள் எல்லாம் ஒரு முறை குலுங்கின.

வண்டிகள் உச்சி வேளையில் வந்தன, மேளமும் வந்தது. கிரேன் சங்கிலியைக் கிழிந்த பக்கங்களில் மாட்டி இழுத்துப் பார்த்தார்கள், சங்கிலி பாறையைப் பிடிக்காமல் எண்ணெயில் வழுக்குவது போல வழுக்கியது. நடனசபாபதி எட்ட நின்று வளையத்தைப் பார்த்தார், அது குன்றிலிருந்து இறங்கி, தெருவைத் தாண்டி, வீடுகளின் மேல் ஏறி, தான் இட்லி சாப்பிட்ட வீட்டுக்குள் புகுந்து, மறுபடி குன்றுக்கு ஏறுவதைப் பார்த்தார். ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் முகம் சிவந்தது. கல்வீட்டை நோக்கிக் குழி தாண்டி ஓடியபோது கோபப்படத் தெரியாத அந்த மனிதர் தடுமாறி ஒரு காலைக் குழியில் விட்டு எடுத்தார்.

உள்ளறையில் பெண்கள் பாசித் தண்ணீரை இறைத்துக் கொட்டி, குழிவைத் தேய்த்துக் கழுவி முடித்திருந்தார்கள். குடங்கள் வாசல் வரை வரிசையாக இருந்தன. வரிசையில் பீமராஜும் ஒரு பாட்டிலோடு நிற்க, "ஆம்பளைக்கு முறை கிடையாது, ஊருக்குப் போயி பொண்டாட்டிய அனுப்பு" என்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை மாதம் நின்றுபோன முறையை எங்கிருந்து தொடங்குவது என்று கேள்வி வந்தது. இது உச்சி வேளைதானே, உலகாயிதானே எடுக்க வேண்டும் என்றாள் ஒருத்தி. விட்டுப்போனது மொத்தமாக விட்டுப்போனது, இனி முதலிலிருந்துதான் என்றாள் உலகாயி. அதனால் தைலம்மை சுனை ஓரத்தில் குந்தியிருந்தாள், கையில் கொட்டாங்கச்சி.

"என்ன காரியம் செய்தாய் நீ!" என்றார் நடனசபாபதி. இந்த முறை அவர் அம்மா போடவில்லை. "பாழ்! பாழாக்கிவிட்டாய்! இது இனி எந்தப் பூங்காவுக்கும் ஆகாது, எந்தப் பட்டியலிலும் இராது, இதை இனி யாரும் எங்கேயும் வைக்க முடியாது. இது யாருக்கு இனிப் பிரயோசனம்? சொல், யாருக்கு?"

தைலம்மை திரும்பவில்லை. வெடிப்பிலிருந்து ஒரு சொட்டு கனத்து, விழலாமா என்று யோசித்துக்கொண்டு தொங்கியது. அவள் கொட்டாங்கச்சியை அதன் கீழே நகர்த்தினாள்.

"என் முறை நடக்குது" என்றாள். "முடியட்டும். அப்புறம் பேசுங்க."

அவர் வரிசைக்குப் பின்னால் நின்றார். சொட்டு விழுந்தது. அடுத்தது ஊறத் தொடங்கியது, எப்போதும் போல அவசரமில்லாமல்.